லாரி திரும்பிப் போன கிணறு

எங்கள் பெரியப்பா மகன் ராஜகுரு அண்ணனுக்குப் பெண் கேட்டுப் பரளச்சிப் பக்கம் போனபோது, பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் படிப்பைக் கேட்கவில்லை, நிலத்தைக் கேட்கவில்லை. “கெணத்துத் தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே பெரியப்பா ஒரு தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுபோயிருந்தார். அந்த மனிதர் ஒரு வாய் குடித்தார், மனைவிக்கும் கொடுத்தார், அதன் பிறகுதான் வெற்றிலைத் தட்டை எடுத்து வரச் சொன்னார். சௌந்தரம் மதினி எங்கள் ஊருக்கு வாழ வந்தது அப்படித்தான்.

பரளச்சிப் பக்கம் முழுக்க வானத்தை நம்பிய காடு. தோண்டினால் உப்பு. எங்கள் ஊர் பந்தல்குடியிலிருந்து உள்ளே தள்ளி, கரிசல் முடிந்து செவல் மண் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. இங்கும் பாதிக் கிணறு உப்புதான். பெரியப்பா கிணறு மட்டும் இளநீர் மாதிரி. வந்த புதிதில் மதினி ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளித்தார். பெரியம்மா முணுமுணுத்தபோது, “கல்யாணத்துக்கு முன்னாடி குளிக்காததையும் சேத்துக் குளிக்கிறேன் அத்தே” என்றாராம். நெட்டையான உடம்பு. பேசினால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். எங்கள் வீடு அடுத்த வீடு என்பதால் எனக்கு எல்லாமே கேட்டது.

எண்பத்து மூன்றில் அந்தக் கிணறே வற்றியது. பெரியப்பா அதற்கு முந்தின வருடம் இறந்திருந்தார். அண்ணன் உழவு மாடுகளை விற்றுவிட்டுக் கிணற்றை ஆழப்படுத்த ஆள் பிடித்தார். பாறையில் துளை போட்டு வேட்டு வைத்து உடைக்க வேண்டும். உடைத்த கல்லைக் கூடையில் அள்ளிக் கயிற்றில் மேலே ஏற்ற வேண்டும். ஊரில் பாதிப் பேர் பிழைப்புக்கு வெளியே போயிருந்ததால் கல் அள்ள ஆள் கிடைக்கவில்லை. மதினி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். கைக்குழந்தை சுகந்தி எங்கள் வீட்டில் இருப்பாள். பால் கொடுக்க மட்டும் மதினி மேலே ஏறி வருவார், தலை முழுக்க வெள்ளைப் புழுதியோடு. ஒரு நாள் கல் சரிந்து இடது கைச் சுண்டுவிரல் நசுங்கிப்போனது. பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் இறங்கினார். கடைசியில் மேற்கு மூலையில் பாறை பிளந்து ஊற்றுக்கண் திறந்தபோது அவர் கீழேதான் இருந்தார். முழங்காலிட்டு நாக்கால் தொட்டு ருசி பார்த்தார். “உப்பு இல்ல” என்று அங்கிருந்து அவர் போட்ட சத்தம் தெரு வரைக்கும் வந்தது.

மழை இரண்டு வருடம் இருந்தது. பிறகு ஒரு வருடம் ஏமாற்றியது, அடுத்த வருடமும் ஏமாற்றியது. மானாவாரியில் விதைத்த மல்லியும் பருத்தியும் முளையிலேயே கருகின. ஆடு வைத்திருந்தவர்கள் ஆட்டை விற்றார்கள். ஆடு இல்லாதவர்கள் கண்மாய்க்குள் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டார்கள். வாலிபப் பிள்ளைகள் திருப்பூர் பஸ் ஏறினார்கள். எண்பத்தேழு கோடையில் தெருப் பொதுக்கிணறும் தரை தட்டியது. மதினி கிணற்றில் மட்டும் அந்த மேற்கு மூலை ஊற்று விடாமல் கசிந்துகொண்டிருந்தது. ஊரே அங்கேதான் குடம் இறக்கியது.

அந்தச் சமயத்தில்தான் விஜயபாண்டி வந்தார். அருப்புக்கோட்டையில் தண்ணீர் லாரி வைத்துப் பிழைப்பவர். நூலுக்குச் சாயம் போடும் பட்டறைகளுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீரில் சாயம் ஒழுங்காகப் பிடிக்காது. டவுனுக்குப் பக்கத்துக் கிணறுகள் கைவிட்டதும் தேடித் தேடி எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டார். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு அண்ணனிடம் வெகு மரியாதையாகப் பேசினார்.

“ஒரு நாளைக்கு ஒரு லோடுதான் கேக்குறாரு” என்று அண்ணன் வீட்டில் வந்து சொன்னார்.

“ஊரு குடிக்குதே” என்றார் மதினி.

“அதுக்கு மிஞ்சுனதத்தான குடுக்கப்போறேன். வெள்ளாமைய நம்பி ரெண்டு வருசமா என்னத்தக் கண்டோம்? இந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுவிட ஒரு நல்ல பாவாடை இருக்கா?”

 அண்ணன் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. மதினி சரி என்றார்.

ஒரு லோடு இரண்டு லோடானது. பிறகு வெயில் ஏறியும் லாரி வர ஆரம்பித்தது. குழாய் பிடிக்கவும் மூடி திறக்கவும் உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது. அதில் ஒருவன் எங்கள் பங்காளி வீரணனின் தம்பி. வீட்டில் தினமும் நெல்லுச்சோறு பொங்கியது. மதினியும்தான் சாப்பிட்டார், பின்னாளில் அதை அவர் மறைக்கவில்லை. சுகந்திக்குப் புதுப் பாவாடை வந்தது.

கிணற்றடியில் கொஞ்சம் மிளகாய் போட்டிருந்தார்கள். பங்குனியில் பூவெடுத்து நின்றது. லாரிக்குப் பற்றாமல் போய்விடும் என்று அண்ணன் அதற்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தினார். மதினி ஒரு நாள் போய்ப் பார்த்தபோது பூவெல்லாம் காம்போடு உதிர்ந்து பாத்தியில் கிடந்தது. இலைகள் கையால் தொட்டால் ஒடிந்தன. அன்றைக்கு அவர் ஒன்றும் பேசவில்லை. மதினி பேசாமல் இருப்பது எங்கள் தெருவுக்கே புதிதாக இருந்தது.

அடுத்த சில நாட்களில் கருத்தம்மாள் கிணற்றுக்கு வந்தாள். கடைசித் தெருக்காரி, வயதானவள், மகன் குடும்பம் பிழைக்கப் போன இடத்திலிருந்து அனுப்பிவிட்ட இரண்டு பேரப்பிள்ளைகளோடு இருந்தவள். லாரி அப்போதுதான் நிறைத்துக்கொண்டு போயிருந்தது. கருத்தம்மாள் இறக்கிய வாளி பாறையில் இடித்துச் சேறாக மேலே வந்தது. அவள் வாளிக்குள் பார்த்தாள். யாரையும் ஏசவில்லை. முந்தானையைக் குடத்து வாயில் விரித்துச் சேற்றுத் தண்ணீரை அதில் வடிகட்டி ஊற்றிக்கொண்டு, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துப் போய்விட்டாள். மதினி மோட்டார் ரூம் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஏசியிருந்தால்கூட நானும் பதிலுக்கு ஏசிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன் என்று என்னிடம் பிறகு சொன்னார்.

மறுநாள் லாரி வந்து ஹாரன் அடித்தது. அண்ணன் ஸ்டார்ட்டரைத் தூக்கினார். மோட்டார் ஓடவில்லை. பலகையைத் திறந்தால் கரண்டு வரும் பீஸ் கட்டை மூன்றையும் காணோம்.

“பீஸ் கட்டை எங்க?”

“எம் மடியில இருக்கு” என்றார் மதினி.

“குடு.”

“குடுக்க மாட்டேன். மொதல்ல மிளகாய்க்கு ஒரு தண்ணி விடுங்க. பெறகு ஊரு எடுக்கட்டும். பெறகும் மிஞ்சுனா லாரிக்கு.”

“மிஞ்சாதுன்னு ஒனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

டிரைவரும் குழாய்ப் பையன்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்டாட்டி மடியில் கை வைத்துப் பிடுங்க அண்ணனுக்கு மனசு வரவில்லை. லாரி காலியாகத் திரும்பியது. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய்ப் புதுப் பீஸ் கட்டை வாங்கி வந்தார். 

விடிந்ததும் நான் குடத்தோடு போனேன். லாரி வந்து நின்றது. கூடவே சைக்கிளில் வீரணனும் வந்தான். அண்ணன் மோட்டார் ரூமுக்குள் போய்ப் பீஸ் கட்டைகளை மாட்டிக்கொண்டிருக்கும்போதே மதினி கிணற்றின் ஓரப் படிக்கல்லில் கால் வைத்து இறங்க ஆரம்பித்தார். யாரும் பெரிதாக நினைக்கவில்லை. கீழே போய்த் தண்ணீருக்குள் நின்று, மோட்டார்க் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்.

“மோட்டாரப் போடுங்க” என்றார். “தண்ணிக்குள்ள நிக்கிறேன். கரண்டு கசிஞ்சா கசியட்டும்.”

அண்ணன் ஸ்டார்ட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓடி வந்தார். “ஏ சௌந்தரம், கூறு கெட்டுப்போச்சா? மேல ஏறு.”

“ஏற மாட்டேன்.”

“ஊரு முன்னால எம் மானத்த வாங்குற.”

“மானமும் இங்கதான் கெடக்கு, கணுக்கால் அளவுக்கு. அதையும் லாரிக்கு ஏத்திவிட்டுட்டா பெறகு ஒண்ணும் இருக்காது.”

வீரணன் விளிம்பில் குந்தி உட்கார்ந்து நயமாகச் சொல்லிப் பார்த்தான். “மதினி, வீட்டுக்கு வந்த லெச்சுமியத் துரத்துறீக. ரெண்டு பயலுக கூலி வாங்குறானுக. ஒங்களுக்கே இது நல்லாருக்கா?”

“ஓந் தம்பி வாங்குற கூலி எனக்குத் தெரியும் கொழுந்தனாரே. ஓம் பொண்டாட்டி நேத்துச் சேத்துத் தண்ணியத்தான தூக்கிட்டு வந்தா? அவளக் கேட்டுப் பாரு, நல்லாருக்கான்னு.”

கூட்டம் சேர்ந்துவிட்டது. பத்து மணி வாக்கில் விஜயபாண்டியே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கத்தவில்லை. நாளும் பட்டறைக்காரர்களிடம் பேச்சு வாங்கிப் பழகிய மனிதர். “தாயி, மேல வாங்க. லோடுக்கு முன்னவிட கூடப் போட்டுத் தாரேன். பேசித் தீத்துக்கிருவோம்” என்றார்.

“டவுன்ல நூலு செவப்பாகுறதுக்கு எங்க ஊருப் பிள்ளைக சேறு குடிக்கணுமாண்ணே?”

“பட்டறையிலயும் பிள்ளைகுட்டிக்காரங்கதான் தாயி வேல பாக்குறாக. சாயம் போடலன்னா தறி நிக்கும். தறி நின்னா அவுகளும் பட்டினி.”

  மதினி குழாயை விடாமலே மேலே பார்த்துச் சொன்னார்: “அவுக பாடும் கஷ்டந்தான். இல்லங்கல. ஆனா இந்தக் கல்ல ஒடச்சது நாங்க. எம் விரல் இந்தக் கெணத்துலதான் போச்சு. அதுக்குண்டான அதிகாரத்துல சொல்றேன், தண்ணி கெடையாது. வேற எடம் பாருங்க.”

அப்போது யாரும் எதிர்பாராத காரியம் நடந்தது. கருத்தம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து படிக்கல்லில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தாள். எல்லோரும் பதறினார்கள். அவள் கீழே போய் மதினி பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து, “எறங்கிட்டேன். எம் முட்டு இருக்குற இருப்புக்கு இனி ஏத்துறது ஒங்க பாடு” என்றாள். மேலே நின்ற பெண்களில் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். நானும் பாதிப் படி வரைக்கும் போய் உட்கார்ந்தேன். எங்கள் அம்மா மேலேயிருந்து என்னை ஏசிக்கொண்டே இருந்தவர், கொஞ்ச நேரத்தில் வாளியில் கூழ் ஊற்றிக் கயிற்றில் இறக்கினார்.

உச்சி வெயிலில் லாரி கிளம்பிப் போனது. வண்டிப்பாதையில் அது குலுங்கிப் போகும் சத்தம் அடங்கிய பிறகுதான் மதினி மேலே ஏறினார். கால் இரண்டும் ஊறி வெளுத்திருந்தன. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாளியில் மிஞ்சியிருந்த கூழைக் குடித்தார்.

ஊர் ஒரே வாயாகப் பாராட்டியது என்று சொன்னால் அது பொய். பாதிப் பேர் திமிர் பிடித்தவள் என்றார்கள். பரளச்சியிலிருந்து அவருடைய அண்ணன் தவசியை வரவழைத்தார்கள். அவர் திண்டாடிப்போய், “புருசன் பேச்சக் கேட்டு இருந்தா என்ன தாயி?” என்று ஆரம்பித்தார். “நம்ம அப்பா இந்தத் தண்ணியக் குடிச்சுப் பாத்துத்தான என்னையக் குடுத்தாரு? இப்ப அத வித்துட்டு நான் என்னத்துக்கு இங்க இருக்கேன்?” என்று மதினி கேட்டார். தவசி சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனார்.

ராஜகுரு அண்ணன் அந்த வாரமே தூத்துக்குடிக்கு லோடுமேன் வேலைக்குப் போய்விட்டார். போகிறேன் என்று மதினியிடம் சொல்லவில்லை, எங்கள் அப்பாவிடம் சொன்னார். லாரி அதன்பிறகு வரவில்லை, நெல்லுச்சோறு நின்றது. மதினி கரிமூட்டத்துக்கு மரம் வெட்டப் போனார், கையெல்லாம் முள் ஏறி வீங்கும். சுகந்தியை எங்கள் வீட்டில் சாப்பிட வைப்போம். அவரைக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்பார். ஒரு நாள் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும், “பொகை” என்றார். அடுப்பில் நெருப்பே இல்லை.

மோட்டாரை ஓட்டினால் ஊற்று தாங்காது என்று மிளகாய்க்குக் குடத்தால் ஊற்றினார். அதைப் பார்த்துக் கருத்தம்மாள் தன் குடத்தை எடுத்துப்போகும்முன் ஒரு வாளித் தண்ணீரைப் பாத்தியில் கவிழ்த்தாள். அடுத்து வந்தவளும் கவிழ்த்தாள். யாரும் பேசி வைத்துச் செய்ததில்லை. பாதிச் செடி பிழைத்து மறுபடி பூத்தது. காய் சிறுத்திருந்தாலும் காரம் கண்ணில் நீர் வரவைத்தது. பழுத்த மிளகாயை மதினி தலைச்சுமையாகக் கொண்டுபோய்ப் பந்தல்குடியில் விற்றுவிட்டு வந்தார்.

ஐப்பசியில் மழை விழுந்தது. மூன்றாம் நாள் அண்ணன் பையோடு வந்து நின்றார். இளைத்திருந்தார், தோளில் காய்ப்பு ஏறியிருந்தது. மதினி தண்ணீர் செம்பை நீட்டினார். குடித்துவிட்டு, “ஏரு யாருகிட்டக் கேக்கலாம்?” என்றார். அதோடு அந்தச் சண்டை முடிந்தது. 

இடையில் நல்ல வருடங்களும் வந்தன. கண்மாய் நிரம்பி மறுகால் போனதையும் பார்த்தோம். எனக்கு உள்ளூரிலேயே கல்யாணமானது. கருத்தம்மாள் இறந்துபோனாள். தொண்ணூற்றைந்தோடு மூன்று வருடமாக மறுபடி வானம் கைவிரித்தது. இந்தத் தடவை வீரணன் முந்திக்கொண்டான். மதினி நிலத்துக்கு அடுத்த தன் செவக்காட்டில் போர் போட்டான். நல்ல தண்ணீர் வந்தது. விஜயபாண்டியிடம் இப்போது பெரிய லாரிகள் இருந்தன. அவை வந்து வரிசையில் நின்றன.

போர் ஓட ஓட மதினி கிணற்றில் மேற்கு மூலை ஊற்று மெலிந்தது. மதினி வீரணன் வீட்டுக்குப் போய்ப் பேசினார்.

“மூணு வருசமாப் பருத்தி கருகுது மதினி. பேங்க் லோனு கழுத்துல நிக்குது. எந் நெலம், எம் போரு. இதுல எறங்கி உக்கார முடியாது, பாத்துக்கங்க” என்றான் வீரணன்.

“எங் கெணத்துத் தண்ணியில ஒனக்கும் பங்கு தாரேன். ரெண்டு குடும்பத்துக்கும் சேத்துக் கம்பு போடுவோம். லாரிய விடு.”

“கம்பு வித்து லோனு கட்டவா?”

மதினி எழுந்து வந்துவிட்டார். அவன் கேட்டது நியாயமில்லாத கேள்வி இல்லை. ஆனால் லாரிகள் வீரணன் போருக்குப் போகும் வண்டிப்பாதை மதினி நிலத்தின் வழியாகப் போனது. பெரியப்பா காலத்தில் மாட்டுவண்டி போக விட்ட பாதை. பட்டா அண்ணன் பெயரில். மறுநாள் காலையில் அண்ணனும் மதினியும் ஏர் பூட்டி அந்தப் பாதையைக் குறுக்கே உழுதார்கள். அண்ணன்தான் மேழி பிடித்தார். ஆள் நடந்து போகிற அளவுக்கு ஓரத்தில் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் புரட்டிப் போட்டார்கள். முதலில் வந்த லாரி உழவில் இறங்கி அச்சு வரைக்கும் புதைந்தது. அதை வெளியே இழுக்கச் சாயங்காலம் ஆனது.

போலீஸ் வந்தது, தாலுகா ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மதினி பட்டாவை நீட்டினார். “ஆளு நடக்கட்டும், மாடு நடக்கட்டும். தண்ணி ஏத்துன லாரி போகக் கூடாது” என்றார். வந்தவர்கள் இரண்டு தரப்பையும் சமாதானமாகப் போகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். லாரிகள் வேறு கிணறு தேடிப் போயின.

வீரணன் அதற்குப் பிறகு மதினியோடு பேசவில்லை. போர் போட்ட கடனுக்காக நிலத்தில் பாதியை விற்றான். அந்தக் குற்றம் முழுக்க மதினி தலையில்தான் விழுந்தது, இன்றைக்கும் சில பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். பஸ் நிறுத்தத்தில் மதினியைக் கண்டால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் மனைவி மட்டும் குடத்தோடு கிணற்றுக்கு வருவாள். மதினி அவளுக்கு வாளியை எடுத்துக் கொடுப்பார். 

அந்த வருடம் கார்த்திகையில் ஒரே ஒரு மழை பெய்தது. இதை நம்பி விதை போட்டால் விதையும் போய்விடும் என்று ஊரில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். மதினி உழுத பாதையிலும் அதை ஒட்டிய காட்டிலும் குதிரைவாலி விதைத்தார். நான் போய், “இன்னொரு மழை வரலன்னா என்ன செய்வீக மதினி?” என்று கேட்டேன்.

“வரலன்னா அடுத்த வருசம் விதைப்பேன்” என்றார்.

இன்னொரு மழை வரவில்லை. பனியிலேயே கிடந்து பயிர் முழங்காலுக்குக் கீழே கதிர் வாங்கியது. கதிரில் பாதி பதர். தை கடைசியில் அண்ணனும் மதினியும் சுகந்தியும் குனிந்து அதை அறுத்தார்கள். பதர் போக இரண்டு மூட்டை தேறியது. மதினி அதில் விதைக்கென்று முதலில் எடுத்துத் தனியாகக் கட்டி வைத்தார், பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தார்.